செர்ரித் தொட்டி வெளியிலேயே இருக்கட்டும்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

நவம்பர் பிறந்தால் லண்டனில் எங்கள் வீட்டு முதல் வேலை, கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே தூக்கி வைப்பது. இங்கே பல தமிழர் வீடுகளில் இதுதான் வழக்கம். ஏப்ரல் வரைக்கும் அது சன்னலோரத்தில், ஹீட்டர் சூட்டில், வீட்டு ஆள் மாதிரி இருக்கும். முதன்முதலாக ஒரு செர்ரிக் கன்று வாங்கிய வருடம், குளிரில் வாடுமே என்று அதையும் கூடவே உள்ளே வைத்துவிட்டேன். அடுத்த ஏப்ரலில் பக்கத்துத் தெருவில் செர்ரி மரங்களெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்க, என் கன்றில் மூன்றே கொத்துப் பூ. ஒரு கிளையில் இலை வந்தது, இன்னொரு கிளை மே மாதம் வரை மொட்டையாகவே நின்றது.

காரணம் பிறகுதான் புரிந்தது. செர்ரிக்குக் குளிர் ஒரு சாப்பாடு மாதிரி. இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும் மாதங்களில், வகையைப் பொறுத்து 700 முதல் 1,300 மணி நேரம் வரை, 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கு முடிந்தால்தான் மொட்டுகள் எல்லாம் ஒன்றாக விழிக்கும். அரைகுறையாக முடிந்தால், என் கன்றுக்கு நடந்ததுதான் நடக்கும்.

ஊரிலிருந்து உறவினர்கள், "ஒரு கன்று கொண்டுவா, மொட்டை மாடியில் வைக்கிறோம்" என்று கேட்கும்போதும் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையில் 7 டிகிரி என்பதே கிடையாது. செடி கொஞ்ச காலம் இலைவிட்டு நிற்கும், பூக்காது. இந்தியாவில் செர்ரி பெரும்பாலும் விளைவது காஷ்மீரிலும் இமாச்சலத்து மலைகளிலும்தான். (நம் ஊர் பேக்கரி கேக்கின் மேல் சிவப்பாக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சர்க்கரைப்பாகில் ஊறிய களாக்காய்.) ஆகவே இந்தக் குறிப்பு இங்கிலாந்திலும் அதுபோன்ற குளிர் ஊர்களிலும் ஒரு சின்னக் கொல்லையோ நல்ல அகலமான பால்கனியோ வைத்திருப்பவர்களுக்கு. லண்டனுக்குப் பக்கத்துக் கெண்ட், மன்னர் எட்டாம் ஹென்றியின் பழக்காரர் ரிச்சர்ட் ஹாரிஸ் 1533-ல் டெய்ன்ஹாமில் தோட்டம் போட்ட காலத்திலிருந்தே செர்ரிக்குப் பேர்போன இடம். வானிலை நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. தொட்டிக்குள் இருப்பதால் மரத்துக்கு வரும் சிரமங்களை மட்டும் நாம் பார்த்துக்கொண்டால் போதும்.

கன்று வாங்கும்போது

தின்ற பழத்தின் கொட்டையை முளைக்கப் போட்டு வளர்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். முளைத்தாலும் தாய் மரத்தின் பழம் வராது, மரமோ வீட்டு உயரம் போகும். கடையில் விற்பதெல்லாம் ஒட்டுக்கன்றுதான், நம் ஊர் ஒட்டு மாங்கன்று போல. அடியில் ஒரு மரம், மேலே இன்னொரு மரம். அடியில் இருக்கும் அந்த வேர்ப்பகுதிதான் மரம் எவ்வளவு உயரம் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. எனவே பழ வகையின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் வேர்ப்பகுதியின் பெயரைப் பாருங்கள்.

தொட்டிக்கு ஏற்றது கிசெலா 5. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் உருவானது. இந்த வேரில் ஒட்டிய மரம் தரையில் நட்டாலே 3 மீட்டர் அளவில் நின்றுவிடும், தொட்டியில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று கோல்ட் என்ற வேர். அதுவும் நல்ல வேர்தான், ஆனால் தரைக்கு உரியது, 4, 5 மீட்டர் வரை போகும். என் நண்பர் ஒருவர் வேர்ப்பகுதியின் பெயரே எழுதாத கன்றை மலிவாக இருக்கிறதென்று வாங்கிவந்தார். மூன்றாவது வருடம் அவருடைய பால்கனிக் கூரையை அது தொட்டது, பழம் ஒன்றுகூட இல்லை. அட்டையில் பெயர் இல்லையென்றால் கேளுங்கள், பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள்.

அடுத்தது பழ வகை. பழைய இனிப்புச் செர்ரிகள் பலவும் தனியாக நின்றால் காய்க்காது, பக்கத்தில் இன்னொரு வகை பூத்தால்தான் காய் பிடிக்கும். ஒரே தொட்டி வைக்கிறவர்கள் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் வகையை எடுக்க வேண்டும். அந்தக் குணம் கொண்ட முதல் இனிப்புச் செர்ரி ஸ்டெல்லா. கனடாவின் சம்மர்லாண்ட் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1968-ல் வெளிவந்தது. அதன் பிள்ளைகள்தான் லாபின்ஸும் சன்பர்ஸ்ட்டும். என்னிடம் இருப்பது ஸ்டெல்லா. கருஞ்சிவப்பு, நல்ல இனிப்பு, ஜூலை பிற்பாதியில் பழுக்கும். புதியவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான்.

வெயில் அதிகம் விழாத வடக்குப் பக்கம்தான் உங்களுக்கு இருக்கிறதா? அப்படியானால் மொரெல்லோ வாங்குங்கள். புளிப்புச் செர்ரி, நிழலைப் பொறுத்துக்கொள்ளும், அதுவும் தானே காய்க்கும். அப்படியே வாயில் போட முடியாத புளிப்பு. ஆனால் மிளகாய்ப்பொடியும் வெந்தயப்பொடியும் போட்டு நல்லெண்ணெயில் தொக்காகக் கிண்டினால் தயிர்சாதத்துக்கு வேறெதுவும் வேண்டாம்.

தொட்டி, மண், நடவு

சின்னக் கன்றை முதலிலேயே மிகப் பெரிய தொட்டியில் போட்டால், வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளித்துவிடும். முதலில் 30 செ.மீ. அகலத் தொட்டி, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு அளவு கூட்டி, கடைசியில் 45 அல்லது 50 செ.மீ. அதற்கு மேல் போக வேண்டாம். அந்த அளவுத் தொட்டி ஈர மண்ணோடு 50 கிலோவுக்கு மேல் கனக்கும். சக்கரம் வைத்த பலகையை முதல் நாளே அடியில் போட்டுவிடுங்கள். மண் நிரப்பிய பிறகு தூக்கிப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். பால்கனி என்றால் அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கட்டடத்துக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணுக்கு, ஜான் இன்னிஸ் 3 என்று மூட்டையில் எழுதியிருக்கும் கலவையை வாங்குங்கள். உண்மையான மண் கலந்தது, கனமானது, காற்றில் மரம் சாயாது. அதில் ஐந்தில் ஒரு பங்கு பெர்லைட்டோ (லேசான வெள்ளைக் கல்துகள்) பொடிச் சரளையோ சேர்த்தால் தண்ணீர் நன்றாக வடியும். வெறும் தேங்காய் நார்த் தூளும் மக்கிய இலையும் மட்டும் உள்ள லேசான கலவை, பல வருடம் நிற்க வேண்டிய மரத்துக்குப் போதாது. அடியில் ஓட்டை இருக்கிறதா, அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டிக்குக் கீழே மூன்று சின்னக் கல்லோ செங்கல் துண்டோ வைத்து ஒரு அங்குலம் தூக்கியே வையுங்கள். கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கும் நம் பழக்கம் செர்ரிக்கு ஆகாது. நின்ற தண்ணீரில் அதன் வேர் சீக்கிரம் அழுகும்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை மண்ணில்லாத வேரோடு கன்றுகள் விற்பார்கள். விலை குறைவு, வகைகள் அதிகம். வாங்கி வந்ததும் ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் வேரை ஊற வைத்து நடுங்கள். தொட்டியோடு விற்கும் கன்றை எப்போதும் நடலாம்.

நடும்போது ஒரே ஒரு இடத்தைக் கவனமாகப் பாருங்கள். தண்டின் அடியில், ஒரு சாண் உயரத்துக்குள், முட்டி மடக்கிய மாதிரி ஒரு வளைவும் வீக்கமும் இருக்கும். அதுதான் ஒட்டுப்போட்ட இடம். அது மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், நாலைந்து விரல் உயரமாவது. புதைந்துவிட்டால் மேலே உள்ள மரம் தானே வேர்விட ஆரம்பிக்கும். அப்புறம் குட்டை மரம் என்று காசு கொடுத்து வாங்கியதற்கு அர்த்தமில்லை. அந்த வீக்கத்துக்குக் கீழேயிருந்து எப்போது துளிர் வந்தாலும் கையாலேயே கிள்ளி எறியுங்கள்.

மண்ணை விளிம்புக்கு மூன்று விரல் கீழே நிறுத்துங்கள், தண்ணீர் ஊற்ற இடம் வேண்டும். ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும், காற்று வீசியடிக்காத இடம் நல்லது.

தண்ணீர்: இதுதான் பாதி வேலை

தரையில் நிற்கும் மரம் தாகம் எடுத்தால் வேரை இன்னும் ஆழத்துக்கு அனுப்பும். தொட்டியில் உள்ளதற்கு நம் கைதான். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை தினமும் ஒரு முறை பாருங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் நாளைக்குப் பார்க்கலாம், உலர்ந்திருந்தால் இப்போதே ஊற்றுங்கள். ஊற்றும்போது அடி ஓட்டையில் தண்ணீர் எட்டிப்பார்க்கும் வரை ஊற்றுங்கள். மேலாகத் தெளித்தால் மேல்மண் மட்டும் கறுப்பாகும், வேர் உலர்ந்தே இருக்கும். ஜூலை வெக்கையில் பெரிய தொட்டிக்குத் தினமும் வேண்டியிருக்கும். சில நாள் காலையும் மாலையும்.

மழை பெய்ததே என்று விட்டுவிடாதீர்கள். மரம் இலைவிட்டு நிற்கும்போது பெய்கிற மழையில் பெரும்பகுதி இலையில் வழிந்து தொட்டிக்கு வெளியேதான் விழுகிறது.

அளவைவிட முக்கியம், ஒரே சீராக இருப்பது. என் மரம் நாலாவது வருடம் முதன்முதலாக நன்றாகக் காய்த்தது. பழம் நிறம் மாறும் நேரத்தில் ஒரு வெக்கை வாரம், எனக்கு வேலை நெருக்கடி. நாலு நாள் ஏதோ பேருக்கு ஊற்றிவிட்டுப் போனேன். ஐந்தாம் நாள் ராத்திரி இடியோடு மழை. காலையில் போய்ப் பார்த்தால், காம்பைச் சுற்றிப் பிறை வடிவில் தோல் பிளந்து, உள்ளே வெளிறிய சதை தெரிய, பாதிப் பழம் வெடித்திருந்தது. மதியத்துக்குள் குளவி மொய்த்துவிட்டது. காய்ந்து கிடந்த மரம் திடீரென்று தண்ணீர் குடித்ததும் உள்ளே சதை வீங்குகிறது, தோலால் அந்த வேகத்துக்கு விரிய முடியவில்லை. போதாததற்குப் பழத்தின் மேல் தங்கும் மழைநீரையும் தோல் உறிஞ்சுகிறது. அதனால் இப்போது இரண்டு வேலை செய்கிறேன். பழம் மஞ்சளாகத் தொடங்கியதிலிருந்து பறிக்கும் வரை ஒரு நாள்கூடத் தண்ணீர் தவறுவதில்லை. பெருமழை வருகிறதென்றால் சக்கரப் பலகையைத் தள்ளிக் கூரைக்கு அடியில் விட்டுவிடுகிறேன். தரையில் மரம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

உரம் எளிது. மார்ச்சில் மேல்மண்ணில் இரண்டு அங்குலத்தைக் கிளறி எடுத்துவிட்டுப் புது மண்ணோடு, மெல்லக் கரையும் உரமணி ஒரு கைப்பிடி. பூ உதிர்ந்ததிலிருந்து ஆகஸ்ட் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பொட்டாஷ் அதிகமுள்ள தக்காளி உரத்தைப் புட்டியில் சொல்லியிருக்கும் அளவில் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். அதற்குப் பிறகு நிறுத்திவிட வேண்டும். செப்டம்பரில் வரும் இளந்துளிர் குளிருக்கு முன் முற்றாது.

பூக்கும் இரவுகள்

ஏப்ரலில் பூ வரும். ஒரே கணுவிலிருந்து மூன்று, நாலு பூ நீளக் காம்பில் தொங்கும். இலை அப்போதுதான் வெண்கல நிறத்தில் மடிப்பு விரித்துக்கொண்டிருக்கும். வருடத்தில் அந்தப் பத்து நாளுக்காகவே இந்த மரத்தை வைத்துக்கொள்ளலாம்.

அதே பத்து நாளில்தான் உறைபனியும் வரும். விரிந்த பூ மைனஸ் 2 டிகிரியில் கருகத் தொடங்கும். வெளியே பார்த்தால் இதழ் வெள்ளையாகவே இருக்கும், நடுவில் பச்சையாக இருக்க வேண்டிய சூலகம் கறுத்திருக்கும். அந்தப் பூ காயாகாது. குளிர்காலக் குளிர் வேண்டும் என்றேனே, மொட்டு விழித்த பிறகு வருகிற குளிர் வேறு. ராத்திரி 2, 3 டிகிரி என்று வானிலையில் பார்த்தாலே தொட்டியை வீட்டுச் சுவரை ஒட்டித் தள்ளிவிட்டு, தோட்டக்கடையில் விற்கும் ஃபிளீஸ் என்ற மெல்லிய வெள்ளைத் துணியைப் போர்த்துங்கள். காலையில் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தேனீ எப்படி வரும்? தானே காய்க்கும் வகை என்றாலும் மகரந்தத்தை அசைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். தேனீ வராத உயர மாடி என்றால், மெல்லிய வண்ணத் தூரிகையால் நண்பகலில் பூவுக்குப் பூ தொட்டு விடுங்கள்.

பூ உதிர்ந்து மூன்று, நாலு வாரத்தில் குட்டிக் காய்கள் நிறையக் கொட்டும். பதற வேண்டாம், தன்னால் சுமக்க முடிந்ததை மட்டும் மரம் வைத்துக்கொள்கிறது.

பூச்சி, பறவை

மே மாதத்தில் கிளை நுனி இலைகள் சுருண்டு, உள்ளே பளபளவென்று கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பியிருக்கும். எறும்பு வரிசை மேலே ஏறினாலே சந்தேகப்படுங்கள். ஆரம்பத்தில் விரலால் நசுக்கிவிட்டு, சுருண்ட நுனியைக் கிள்ளிக் குப்பையில் போட்டால் போதும். இலை சுருண்ட பிறகு மருந்து தெளித்தும் உள்ளே போகாது. ஜூலை வாக்கில் அசுவினி தானாகவே வேறு செடிகளுக்குப் பறந்துவிடும், அதுவரை மரத்தைத் தளர விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒன்று கவனியுங்கள்: இலையின் அடியில், காம்பு சேரும் இடத்தில், குண்டூசித் தலை அளவில் இரண்டு சிவப்புப் புடைப்பு இருக்கும். அது நோய் இல்லை, தேன் சுரக்கும் சுரப்பி. பெரும்பாலான செர்ரி இலைகளுக்கு உண்டு.

தொட்டிக்கே உரிய எதிரி வைன் வீவில் என்ற கூன்வண்டு. அதன் வெள்ளைப் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும், மரம் காரணமே தெரியாமல் வாடும். செப்டம்பரில், மண் சூடு ஆறுவதற்குள், அந்தப் புழுவைக் கொல்லவென்று விற்கும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவதுதான் நல்ல வழி.

பறவைகளோ நம்மைவிட ஒரு நாள் முந்திக்கொள்ளும். பழம் சிவக்க ஆரம்பித்ததுமே வலை போடுங்கள். நாலு மூங்கில் குச்சி நட்டு இழுத்துக் கட்டிய வலையாக இருக்கட்டும். தொளதொளவென்று மரத்தின் மேல் போட்டால் குருவி கால் மாட்டித் தவிக்கும். அப்படி ஒன்றை நான் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து விட்டிருக்கிறேன், இன்னொரு முறை அந்தக் காட்சியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பழத்தைக் காம்போடு பறியுங்கள், கத்தரிக்கோலால் வெட்டினால் இன்னும் நல்லது. பழத்தைப் பிடித்து இழுத்தால் காம்போடு அடுத்த வருடத்து மொட்டும் பிய்ந்து வரும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் ஒன்று சொல்ல வேண்டும்: கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்னக் கூடாது, அதில் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது.

கவாத்து வெயில் காலத்தில் மட்டும்

மரம் இலையில்லாமல் நிற்கும்போதுதான் கவாத்து, அதாவது கிளை வெட்டுதல், செய்ய வேண்டும் என்று ஆப்பிள் மரக்காரர்கள் சொல்வார்கள். செர்ரிக்கு அது ஆபத்து. குளிரும் ஈரமுமான மாதங்களில் வெட்டினால், அந்தப் புண் வழியாக வெள்ளி இலை நோய்ப் பூஞ்சையும், பட்டையை அழுகச் செய்து பிசின் வடிய வைக்கும் பாக்டீரியாவும் நுழைந்துவிடும். இரண்டுக்கும் மருந்து கிடையாது. எனவே பழம் பறித்த பிறகு, ஆகஸ்ட் முடிவதற்குள், மழையில்லாத நாளில், ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியோடு போங்கள்.

அதிகம் வெட்டவும் வேண்டாம். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, நடுவே அடைத்துக்கொண்டு வளர்வது, இவற்றை எடுங்கள். நீண்டு போன புதுக் கிளையில் ஐந்தாறு இலை விட்டு நுனியை வெட்டுங்கள். இரண்டு வருடம் முற்றிய கிளைகளில் குட்டையாக, மொட்டுகள் கொத்தாக அடர்ந்த முண்டுகள் தெரியும். ஸ்டெல்லா போன்றவை அங்கேதான் காய்க்கும், அதைத் தொடாதீர்கள். மொரெல்லோ மட்டும் வேறு மாதிரி. அது போன வருடத்துக் கிளையில் காய்க்கும், அதனால் காய்த்து முடிந்த கிளைகளில் சிலவற்றை எடுத்துப் புதியதற்கு இடம் விட வேண்டும்.

குளிர்காலம்

அக்டோபரில் இலை பழுத்து உதிரும். உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, இலை உதிர்ந்த பிறகு தொட்டி மாற்றும் வேலை. மரத்தைச் சாய்த்து உருவி, சுற்றிச் சுற்றி வளர்ந்த வெளி வேரைக் கையால் பிரித்து, இரண்டு விரல் பருமனுக்குச் சுற்றிலும் நறுக்கிவிட்டுப் புது மண்ணில் வையுங்கள். கடைசி அளவுத் தொட்டிக்கு வந்த பிறகும் இதே வேலைதான், அதே தொட்டியில். வேரை இப்போது வெட்டலாம், கிளையில் கத்தரி படக் கூடாது.

பிறகு மரம் வெளியே நிற்கட்டும். கிளைக்குப் போர்வை வேண்டாம். தொட்டிக்கு மட்டும் பபுள் ராப் இரண்டு சுற்று, அல்லது பழைய சாக்கு. தரையில் இருக்கும் வேரைப் பூமி காக்கும். தொட்டியில் நாலு பக்கமும் குளிர் தாக்குகிறது, வேரோ கிளை தாங்கும் அளவுக்குக் குளிர் தாங்காது. லண்டனுக்கு இது போதும். டொரோண்டோவில் இருப்பவர்களுக்குப் போதாது, மைனஸ் 20 போகும் இடத்தில் தொட்டி முழுக்க உறைந்துவிடும். டிசம்பர் தொடங்கியதும் ஹீட்டர் இல்லாத கராஜுக்குள் தள்ளிவிடுங்கள். வெளிச்சம் தேவையில்லை, இலைதான் இல்லையே. மாதம் ஒரு முறை மண் தூளாகாத அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும்.

வீடியோ காலில் பனிக்கு நடுவே மொட்டையாக நிற்கும் மரத்தைப் பார்த்து அம்மா ஒவ்வொரு வருடமும் கேட்பார்: "பக்கத்துல கறிவேப்பிலைய மட்டும் உள்ள வச்சிருக்க, இது பாவமில்லையாடா?" இல்லையம்மா, அது தூங்குகிறது என்பேன். பிப்ரவரி கடைசியில் அந்த முண்டுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இறுகிக் கூராக இருந்த மொட்டுகள் உருண்டு தடித்து, செதில் இடுக்கில் பச்சைக் கோடு தெரியும். அன்றைக்குப் பபுள் ராப்பைக் கழற்றிவிட்டு முதல் தண்ணீரை ஊற்றுங்கள்.